இருபத்து மூன்றைக் காணவில்லை

காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி வருகிறவர்கள் கையில் ஒரு போட்டோ இருக்கும். அன்று காலை பியாஸா கடைத்தெருவில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அஸ்கலேயின் அலுவலகத்துக்கு வந்த பெண்ணின் கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. மழையில் ஓரம் நனைந்திருந்தது. அவள் அதை மேசைமேல் வைத்து விரலால் நடுவில் ஓரிடத்தைத் தொட்டாள்.

"இதுல இருபத்து மூணைக் காணோம், எத்தியே. கண்டுபிடிச்சுக் குடுங்க."

மூத்த பெண்களை எத்தியே என்று கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் இவள் குரலில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

அஸ்கலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தாள். ஐம்பத்தெட்டு வயது. போலீஸில் முப்பது வருஷம், அதில் பதினோரு வருஷம் காணாமல் போனவர்கள் பிரிவில். எத்தனையோ குடும்பங்களுக்கு 'இல்லை' என்று சொல்லிச் சொல்லி, அவளுக்குள் எதுவோ ஒரு கட்டத்தில் மரத்துப் போனது. அதைப் பற்றி அவள் கவலைப்படுவதும் இல்லை.

"இது ரெஃபரன்ஸ் லிஸ்ட்டு" என்றான் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கெட்நெட். நாற்பது வயது, அவளுடைய உதவியாளன். அதற்கு முன் பதினைந்து வருஷம் பல்கலைக்கழக வாசலில் டைப்பிங் கடை வைத்திருந்தவன். "எத்தியே, ஆளைத் தொலைச்சவங்க வந்திருக்காங்க, கழுதையைத் தொலைச்சவங்ககூட வந்திருக்காங்க. ரெஃபரன்ஸைத் தொலைச்சவங்க இப்பதான் மொதத் தடவை. மூவாயிரம் ஆய்வேடு நான் பைண்டு பண்ணிருக்கேன். ஒண்ணையும் படிச்சதில்ல. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் புத்தி நேரா இருக்கு."

வந்தவள் சிரிக்கவில்லை. பெயர் டாக்டர் செப்லே மோகெஸ் என்றாள். பல்கலைக்கழகத்தில் தாவர நோய்த் துறை. முப்பத்து நாலு வயது.

"விஷயத்தைச் சொல்லும்மா."

"என்செட் பயிருக்கு வாடல் நோய் வரும். தெற்குல ஊர் ஊரா அழிஞ்சு போகும். ஒரே ஒரு ரகம் மட்டும் அந்த நோய்க்கு நிக்குதுன்னு கட்டுரை எழுதினேன். அந்த ரகம் முன்னாடியே ஒரு தடவை நின்னிருக்கு, அதுக்கு ஆதாரம் இருபத்து மூணு. பத்திரிகைக்காரங்க அந்த அறிக்கையைத் தேடினாங்க, கெடைக்கல. பல்கலைக்கழகத்துக்கு எழுதிட்டாங்க. நாளைக்குக் காலைல கமிட்டி மறுபடி கூடுது. அறிக்கையைக் காட்டலேன்னா, நானே கற்பனை பண்ணி எழுதினேன்னு ஆகும். வேலை போயிடும், டாக்டர் பட்டமும் போயிடும்."

இதை அவள் வேறு யாருக்கோ நடப்பதைப் போலச் சொல்லி முடித்தாள். அஸ்கலே அந்த வரியைப் படித்தாள்.

*23. வொர்க்கு வ., மற்றும் பலர் (1998). புட்டாஜிரா மாவட்டத்தில் என்செட் வாடல் நோய்: கள அறிக்கை. பக்கம் 19.*

"வ.ன்னா யாரு?"

"தெரியாது. கமிட்டியும் அதைத்தான் கேட்டாங்க. நான் பாத்ததுல வ. வொர்க்குன்னுதான் இருந்தது."

"பிரமாதம்" என்றான் கெட்நெட். "வொந்திமு, வொல்டே, வாசிஹுன், வெர்க்னே. மினிபஸ்ல ஏறி 'வ!'ன்னு ஒரு சத்தம் குடுத்தா பாதி வண்டி திரும்பிப் பாக்கும்."

"நீ பாத்தது எது? அறிக்கையா?"

செப்லே முதல் முறையாகக் கண்ணை விலக்கினாள். "ஒரு பழைய நோட்டு. அறிக்கைலேர்ந்து யாரோ ஒரு பக்கத்தை நகல் எடுத்து வச்சிருந்தாங்க. தலைப்பு, பேரு, வருஷம், ஒரு அட்டவணை."

"அப்ப அறிக்கையை நீ கண்ணால பாக்கவே இல்ல."

"இல்ல."

"கமிட்டில சொன்னியா?"

"இல்ல."

அவள் போன பிறகு அறையில் கீழே சுடுகிற ரொட்டியின் வாசனை மட்டும் இருந்தது. கெட்நெட் வறுத்த பார்லியைக் கைநிறைய வாயில் போட்டுக்கொண்டான்.

"பொய் சொல்றா, எத்தியே."

"ஆமா. எதுல பொய்யின்னுதான் தெரியல. வேலை போகப்போற பொண்ணு ஒரு தடவைகூட வேலையைக் காப்பாத்துங்கன்னு கேக்கல. அறிக்கையைக் குடுங்கன்னுதான் கேட்டா."

*

கமிட்டித் தலைவர் பேராசிரியர் தெக்லே ஹய்லு அவர்களைக் கதவுவரை வந்து அழைத்துப் போனார். நரைத்த தாடி, மெல்லிய குரல், எதிரில் இருப்பவர் உட்கார்ந்த பிறகே உட்காரும் பழக்கம். சுவரில் அவர் ஒரு என்செட் செடியின் பக்கத்தில் நிற்கும் பெரிய படம். வாழையைப் போல ஓங்கி நிற்கிற அந்தச் செடிக்குக் கீழே, நோய் தாங்கும் ரகத்தை 2001-ஆம் ஆண்டு முதன்முதலில் கண்டுபிடித்தவர் என்று சான்றிதழ்.

"வெய்ஸெரோ அஸ்கலே, எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார், திருமதிக்கான அந்த மரியாதைச் சொல்லை விடாமல், காப்பியை அவளே எடுத்துக்கொள்ளும்படி நகர்த்தி. "கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா அவசரக்காரி. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஆதாரம் இல்லேன்னா பொறுமையா இருக்கத் தெரியல."

"நீங்களும் தேடிப் பாத்தீங்களாமே."

"நானேதான் போனேன். வெளிநாட்டுக் கணக்குல 1998. நம்ம காலண்டர் ஏழெட்டு வருஷம் பின்னாடி ஓடுறதால நம்ம கணக்குக்குத் தொண்ணூறு. ஆராய்ச்சி நிலையத்தோட பழைய ஆவணக் கிடங்குல தொண்ணூறாம் வருஷத்து அலமாரியை மூணு நாள் புரட்டினேன். ஒண்ணும் இல்ல."

"ஒருவேளை யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா?"

"இருந்தாத்தானே எடுக்க முடியும்?" அவர் வருத்தமாகச் சிரித்தார். "நான் சின்ன வயசுல அந்தப் பக்கமே வேலை பாத்தவன். ஒவ்வொரு ஆளையும் தெரியும். வுப்ஷெத்துன்னு ஒருத்தர் இப்படி ஒரு அறிக்கை எழுதியிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?"

அஸ்கலே காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பேனா சரியாக எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினாள்.

வெளியே தாழ்வாரத்தில் கெட்நெட் கேட்டான். "நல்ல மனுஷன் இல்ல? எங்க கடைல ஆய்வேடு பைண்டு பண்ண வந்த புரொஃபசருங்க 'ஏய்'னுதான் கூப்பிடுவாங்க. இவரு எனக்கும் காப்பி குடுத்தாரு."

"குடுத்தாரு."

"என்ன எழுதினீங்க?"

"அவரு சொன்னதை. வா, லிஸ்ட்டை ஒழுங்குபடுத்தின கடைக்குப் போவோம்."

*

ஸெனெபுவின் கடை ஒரு பெட்டியளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவர் முழுக்கப் பைண்டிங் அட்டை. கெட்நெட்டைப் பார்த்ததும் அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்துட்டாரு மகராசன். என் வாடிக்கையெல்லாம் அள்ளிட்டுப் போனது போதாதா?"

"நான் கடையை மூடி ஆறு வருஷம் ஆச்சு, தாயே."

"அந்த ஆறு வருஷமாத்தான் நான் சாப்புடுறேன்."

அஸ்கலே தாளை நீட்டினாள். ஸெனெபு மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "என் வேலைதான். இந்தப் பத்திரிகைக்கு முப்பத்தாறு விதி. புள்ளி இருக்கவேண்டிய எடத்துல கமா போட்டாத் திருப்பி அனுப்புவான். பேரைத் தலைகீழாத் திருப்பணும். அப்பன் பேரு முன்னாடி, சொந்தப் பேரு ஒத்தை எழுத்து. ஆளு நாலுக்கு மேல போச்சுன்னா மொத ஆளைத் தவிர மத்தவனெல்லாம் 'மற்றும் பலர்'. அவனவன் சேத்துல நின்னு வேலை பாத்திருப்பான், பேரு கெடையாது. நான் என்ன செய்ய? விதி."

"வருஷம்?"

"நம்ம கணக்குன்னு டிக் போட்டிருந்தா எட்டைக் கூட்டுவேன். இல்லேன்னா தொடமாட்டேன்."

"அவ எழுதிக் குடுத்த தாள் இருக்கா?"

"இல்லாம? பின்னாடி தப்பு என் தலைல விழக்கூடாதே." அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்து, எச்சில் தொட்டுப் புரட்டி, கைப்பிரதியை எடுத்துப் போட்டாள்.

செப்லேயின் கையெழுத்து சின்னதாகவும் நேராகவும் இருந்தது. இருபத்து மூன்றாவது வரியில் மட்டும் பேனா அழுந்தியிருந்தது. *வ. வொர்க்கு, நண்பர்களுடன். ஹைகோச்-புட்டாஜிரா அவ்ராஜாவில் என்செட் வாடல் நோய். 1990.* பக்கத்தில் ஒரு டிக்.

"இதுல அவ்ராஜான்னு இருக்கு" என்றாள் அஸ்கலே. "அச்சுல மாவட்டம்னு வந்திருக்கு."

"அவ்ராஜான்னா வெளிநாட்டுக்காரனுக்கு என்ன தெரியும்? நான்தான் மாவட்டம்னு மாத்தினேன். தப்பா?"

"தப்பில்ல." அஸ்கலே கெட்நெட் பக்கம் திரும்பினாள். "அந்தப் பழைய அவ்ராஜாப் பிரிவெல்லாம் எப்ப ஒழிஞ்சது?"

"அரசாங்கம் மாறினப்ப. எண்பத்து மூணு, எண்பத்து நாலு. எங்கப்பா அவ்ராஜா ஆபீஸ்ல காவலாளி. ஆபீஸும் போச்சு, தொப்பியும் போச்சு. தொப்பிக்குத்தான் ரொம்ப அழுதாரு." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "இருங்க, இருங்க. தொண்ணூறுல அவ்ராஜாவே கெடையாதே."

"கெடையாது. இல்லாத எடத்தைப் பத்தி அரசாங்க அறிக்கை எவன் எழுதுவான்?"

"அப்ப பொய்யி. பொண்ணு சொந்தமா எழுதியிருக்கா."

"சொந்தமா எழுதுறவ இன்னிக்குப் புழங்குற வார்த்தையைப் போடுவா. அவளுக்கு அப்ப ரெண்டு, மூணு வயசு, அவ்ராஜா அவ வாயில வராது. நோட்டுல இருந்ததைத்தான் எழுதியிருக்கா." அஸ்கலே டிக்கைத் தொட்டாள். "தப்பு இங்க இருக்கு. அந்த 1990 நம்ம வருஷம் இல்ல. எழுதினவனே வெளிநாட்டுக் கணக்குல போட்டிருக்கான். ஏற்கனவே எட்டைக் கூட்டின வருஷத்துல இன்னொரு எட்டைக் கூட்டி 1998 ஆக்கியிருக்கீங்க. நம்ம கணக்குக்கு அது எண்பத்து ரெண்டு. எல்லாரும் தப்பான அலமாரில தேடியிருக்காங்க."

"டிக் நான் போடல" என்றாள் ஸெனெபு உடனே.

"நீ போடலம்மா. அவளேதான் போட்டிருக்கா."

கெட்நெட் தலையைச் சொறிந்தான். "இவ்வளவு படிச்சவ, அவ்ராஜான்னு எழுதிட்டு எப்படிப் பக்கத்துல டிக் போட்டா?"

அஸ்கலே அந்த டிக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தாளை ஸெனெபுவிடம் கொடுத்தாள். மழை விட்டிருந்ததால் அப்படியே கிடங்குக்குக் கிளம்பினார்கள்.

*

ஆவணக் கிடங்கு ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. காவல் இருந்த பெரியவர் காது கேளாதவர் போல இருந்தார். கெட்நெட் பக்கத்தில் இருந்த வண்டியில் நாலு சம்பூசா வாங்கிவந்து "காஷே, சூடா இருக்கு" என்று மரியாதையாக நீட்டியதும் காது கேட்டுவிட்டது.

"எண்பத்து ரெண்டா?" என்றார் வாயை மென்றுகொண்டே. "அந்த அலமாரிக்கு என்ன திடீர்னு இவ்வளவு கிராக்கி? இருபது வருஷமா ஒருத்தன் கேட்டதில்ல. போன மாசம்தான் ஒரு பெரிய மனுஷன் வந்து மூணு நாள் கெடந்தாரு."

"யாரு?"

அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். மூன்று நாளும் ஒரே கையெழுத்து. *தெக்லே ஹய்லு. கேட்டது: 1982 அலமாரி.*

கெட்நெட் ஒரு சீட்டி அடித்தான். "தொண்ணூறுன்னு சொன்னாரே?"

"தொண்ணூறாம் அலமாரியை யாராவது கேட்டாங்களா, காஷே?"

"அதோட சாவியே தொலைஞ்சு போச்சு."

எண்பத்து இரண்டை அவர்கள் இரண்டு மணி நேரம் புரட்டினார்கள். கரையான் தின்றது பாதி. மீதி மாட்டுக் கணக்கு, மழைக் கணக்கு, உரக் கணக்கு. வொர்க்கு இல்லை, என்செட் இல்லை. கெட்நெட் முழங்காலில் உட்கார்ந்து தும்மினான்.

"முடிஞ்சுது, எத்தியே. புரொஃபசர் மொதல்லயே வந்து எடுத்துக் கிழிச்சுப் போட்டிருப்பாரு."

அஸ்கலே தூசியைத் தட்டிக்கொண்டே பெரியவரிடம் போனாள். "காஷே, ஒரு சந்தேகம். இங்க அலமாரியெல்லாம் நம்ம வருஷப்படி இருக்கு. அட்டைல வெளிநாட்டு வருஷம் போட்டு ஒரு அறிக்கை வந்தா எங்க வைப்பீங்க?"

"வெளிநாட்டுக்காரன் உதவி குடுத்த வேலைன்னா அப்படித்தான் போட்டு அனுப்புவாங்க. அதுங்களை எந்த அலமாரியில சேக்குறது? எட்டைக் கழிக்கவா, ஏழைக் கழிக்கவான்னு யாரு மண்டையை ஒடைக்கிறது?" அவர் கதவோரம் கை காட்டினார். "அந்தப் பச்சை பீரோல போட்டுடுவோம். துடைப்பம் இருக்குற எடம்."

"போன மாசம் வந்தவரு அதைத் தெறந்தாரா?"

"பெரிய மனுஷங்க துடைப்பம் பக்கம் வருவாங்களா?"

பீரோவில் இருந்தது மொத்தம் ஒன்பது அறிக்கை. ஐந்தாவது நீல அட்டை. டைப் மெஷினில் அடித்த எழுத்து அங்கங்கே தாளைத் துளைத்திருந்தது. *ஹைகோச்-புட்டாஜிரா அவ்ராஜாவில் என்செட் வாடல் நோய். 1990.* பத்தொன்பதாம் பக்கத்தில் அட்டவணை. எட்டு ஊரில் மற்ற எல்லா ரகமும் செத்து, ஒன்று மட்டும் நின்ற கணக்கு.

கெட்நெட் கொட்டகைக்குள்ளேயே இரண்டு சுற்று ஆடினான். அஸ்கலே சந்தோஷம் வருகிறதா என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. பிறகு முதல் பக்கத்தை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பேருங்களைப் படி."

"வுப்ஷெத் வொர்க்கு, விவசாய அலுவலர். அப்புறம் நாலு பேரு. கடைசியா..." அவன் வாயைத் திறந்தபடி நின்றான். "கடைசியா, தெக்லே ஹய்லு. உதவியாளர்."

"மற்றும் பலர்" என்றாள் அஸ்கலே. "அந்தப் பலர்ல ஒருத்தர். லிஸ்ட்டைப் படிச்ச யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும்."

"அப்ப அந்த ரகத்தை 2001ல கண்டுபிடிச்சேன்னு சுவர்ல மாட்டி வச்சிருக்காரே?"

"பதினோரு வருஷம் முன்னாடி இந்த வுப்ஷெத் கண்டுபிடிச்சது. இவரு கூடப் போய் அளவுகோல் பிடிச்சிருக்காரு. அறிக்கை எல்லாம் அழிஞ்சதுன்னு தைரியமா இருந்தாரு. இந்தப் பொண்ணு அதை இருபத்து மூணுன்னு நம்பர் போட்டு ஊருக்குக் காட்டிட்டா."

"பதிவேட்டைப் பாத்ததும் கண்டுபிடிச்சீங்களா?"

"அதுக்கு முன்னாடியே." அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். 'வுப்ஷெத்துன்னு ஒருத்தர் இப்படி ஒரு அறிக்கை எழுதியிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?' "வ.ன்னா யாருன்னு நமக்குத் தெரியாது. பத்திரிகைக்குத் தெரியாது. கமிட்டி கேட்டதுக்கு அவளும் தெரியாதுன்னுதான் சொல்லியிருக்கா. அவரு வாயில மட்டும் முழுசா வந்துடுச்சு."

கெட்நெட் மெதுவாகத் தலையாட்டினான். "வேற நாட்டுக்காரனா இருந்தா தாள்ல இருக்குற மாதிரி வொர்க்குன்னு சொல்லித் தப்பிச்சிருப்பான். நம்மூரு நாக்கு ஒரு ஆளை அவங்கப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடுமா? கூட வேலை பாத்த பழக்கம் காட்டிக் குடுத்துடுச்சு."

மத்தியானத்துக்குள் அறிக்கையையும் பதிவேட்டுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, கமிட்டியின் மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதில் மூத்தவர் இரண்டு தடவை படித்தார். நாளைக் கூட்டத்துக்குத் தலைவர் வேறு ஆளாக இருப்பார் என்றார். டாக்டர் செப்லே கையெழுத்துப் போட்ட திருத்தக் கடிதம் ஒன்று இன்றைக்கே தன் அலுவலகத்துக்கு வந்தால், புகாரை அங்கேயே முடித்துவிடலாம் என்றார். ஸெனெபுவின் கடையில் கடிதத்தை டைப் செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே வரிதான். *23-இல் 1998 என்பதை 1990 என்று திருத்தவும்.*

*

செப்லே துறைக்குப் பின்னால் இருக்கும் சோதனைத் தோட்டத்தில் கத்திகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு செடியை வெட்டிய கத்தியால் இன்னொரு செடியைத் தொட்டால் நோய் பரவும். அதனால் ஒவ்வொன்றாக மருந்துத் தண்ணீரில் முக்கி, துடைத்து, வரிசையாக வைத்தாள். நாளைக்கு வேலை போகப் போகிறவள் கழுவுகிற கழுவல் இல்லை அது.

"டாக்டர்!" கெட்நெட் தூரத்திலிருந்தே கத்தினான். "பொழைச்சீங்க! பத்தொன்பதாம் பக்கம்! உங்க அட்டவணை புள்ளி மாறாம இருக்கு! புரொஃபசர் தெக்லே இனி அந்தப் படத்தைக் கழட்டிட்டு சுவத்துக்கு வெள்ளையடிக்க வேண்டியதுதான்!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையை வாங்கினாள். பத்தொன்பதாம் பக்கத்தைத் திறக்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், பிறகு முதல் பக்கத்தை. வுப்ஷெத் வொர்க்கு என்ற எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தாள். விரலை ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"1990ன்னு இருக்கே, எத்தியே. இது எந்தக் கணக்கு?"

அஸ்கலேக்கு அப்போதுதான் அந்த டிக் புரிந்தது. பதினோரு வருஷம் காணாமல் போனவர்கள் பிரிவில் உட்கார்ந்து பார்த்த முகம்தான் இது. எத்தனை தடவை பார்த்தாலும், சுற்றி வளைத்துச் சொன்னால் கேட்கிறவருக்கு அதிகம் வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"வெளிநாட்டுக் கணக்கும்மா. நம்ம கணக்குக்கு எண்பத்து ரெண்டு."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அவ்ராஜா இருந்த காலம்."

செப்லே தலையாட்டினாள். "அந்த வார்த்தையைப் பாத்தேன். வயசான ஆளுங்க பழைய பேரையே எழுதுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

கெட்நெட் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கப்பா" என்றாள் செப்லே, அவனைப் பார்த்து. "எண்பத்து மூணுல வேலைக்குப் போனாரு. வண்டி திரும்பி வந்தது, அவரு வரல. எனக்கு ரெண்டு வயசு. அந்த நேரத்துல அவரு பேரைச் சொல்லப் பயந்துக்கிட்டு, மாமா பேரைப் போட்டு என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. அதான் நான் செப்லே மோகெஸ். அம்மா செத்தப்பறம் பெட்டில நோட்டு கெடைச்சது. அம்மா கையெழுத்து. அவரு பேரு, கீழ தொண்ணூறுன்னு வருஷம். எங்கம்மா வாழ்நாள்ல வெளிநாட்டு வருஷம் எழுதி நான் பாத்ததில்ல."

அவள் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

"எண்பத்து மூணுல போனவரு தொண்ணூறுல ஒரு அறிக்கை எழுதியிருக்காரு. ஏழு வருஷம் எங்கேயோ உயிரோட இருந்திருக்காரு, சேத்துல நின்னு செடியை எண்ணியிருக்காரு. வேற பொண்டாட்டி, வேற பிள்ளைங்க இருந்தாலும் பரவால்லன்னு நெனச்சேன். உங்ககிட்ட முழுப் பேரைச் சொல்லல. சொன்னா நீங்க ஆளைத் தேடப் போயிடுவீங்க. ஆளைத் தேடினா என்ன கெடைக்கும்னு எனக்குத் தெரியும். காகிதத்தைத் தேடினா கொஞ்சம் இடம் இருந்தது."

அஸ்கலே அவள் கையைப் பிடிக்கவில்லை. அது அவளுக்கு வராது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஓரிடத்தில் வலித்தது. அந்த இடம் இன்னும் இருப்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எண்பத்து மூணுக்கப்புறம் அவரு எழுதினது எதுவும் எனக்குக் கெடைக்கலம்மா" என்றாள். "தேடவும் சொல்லாத. நான் இல்லைன்னுதான் சொல்ல வேண்டியிருக்கும்."

"தெரியும், எத்தியே."

கெட்நெட் திருத்தக் கடிதத்தை நீட்டலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் நீட்டினான். செப்லே அந்த ஒரு வரியைப் படித்தாள். கத்திகளுக்குப் பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நேரான, சின்னக் கையெழுத்து. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் விடவில்லை.

"இதை இப்பவே குடுக்கணுமா?"

"இன்னிக்குள்ள குடுக்கணும்" என்றாள் அஸ்கலே.

"அப்ப சாயந்திரமாக் குடுங்க. அந்த ஏழு வருஷம் அதுவரைக்கும் அவருகிட்டயே இருக்கட்டும்."

அஸ்கலே கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "மூணு மணி நேரம் கழிச்சுக் கொண்டுபோறோம்."

"எதுக்கு மூணு மணி நேரம்?" என்றான் கெட்நெட். "ஆபீஸ் பூட்டுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி குடுத்தாப் போதும், எத்தியே. நான் ஓடிப் போய்க் குடுக்கிறேன்."